அறுபதா, தொண்ணூறா?

ஒலிநாடாக் கடையில் பாட்டுப் பதிவு செய்து வாங்கிய தலைமுறை நாங்கள். முழுநீளத் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் படத்தின் பெயரையும் குறித்துக் கடைக்காரரிடம் நீட்டினால், அவர் நிமிராமலே கேட்கும் முதல் கேள்வி, "அறுபதா, தொண்ணூறா?" அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் கொள்ளும். தொண்ணூறில் பக்கத்துக்குப் பத்து வரை ஏற்றலாம். ஆனால் அதன் நாடா மெலிசு, கொஞ்சம் வயதான டேப் ரெக்கார்டரில் போட்டால் உருளையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் அறுபதே போதும் என்று சொல்லிவிட்டு, கடைப்படியில் உட்கார்ந்து, தாளில் இருக்கிற இருபது பாட்டில் எவற்றை அடிப்பது என்று யோசிக்கத் தொடங்குவோம். எழுதியதைவிட அடிப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். இரண்டு இளையராஜா பாட்டுகளில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால், இரண்டையும் மனத்துக்குள் முழுதாகப் பாடிப் பார்த்த பிறகுதான் பேனா நகரும். அப்படி அடித்த பாட்டுதான் அடுத்த மாதம் முழுக்க வாயில் வரும். உங்களுக்கும் அப்படி அடிபட்ட பாட்டு ஒன்று இருக்கும்.

இந்த வருடம் மகள் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தாள். லேப்டாப் வாங்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கழித்தபின் இரண்டு மிஞ்சின, விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் 8 ஜி.பி. ராம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி.; இன்னொன்றில் 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. "எதுப்பா எடுக்கிறது?" என்று கேட்டாள். பதினாறை எடு என்று உடனே சொல்லிவிட்டேன். "ஏன்? அதுல இடம் பாதிதானே இருக்கு?" என்றாள். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பதினாறு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குள் ஏதேதோ அசைந்துவிட்டது. 1998-இல் என்னிடம் இருந்த கணினியிலும் பதினாறுதான். அது எம்.பி. இவளுடையது ஜி.பி. நடுவில் 1024 மடங்கு. இத்தனை மடங்கு பெருகிய பிறகும் அப்பாவும் பெண்ணும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரே கவலையைப் படுகிறோம் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் அச்சகத்திலிருந்து வந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவனாகத்தான் என் வேலை வாழ்க்கை தொடங்கியது. ஈய எழுத்துகள் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். சுவரோரம் அறை அறையாகப் பிரித்த மரத்தட்டுகளில் எழுத்துகள் இருக்கும். கோத்து முடித்த பக்கங்களை நூலால் கட்டி நடுவில் இருக்கும் கல் மேசையில் வைத்துத்தான் திருத்துவார்கள், வரிசைப்படுத்துவார்கள். சுவரெல்லாம் தட்டுகள் இருந்தாலும் மேசை சின்னதாக இருந்தால் வேலை நகராது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு திருத்தம் என்றால், மேசையில் இருக்கிற இரண்டாம் பக்கத்தைப் பதமாக எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டைத் திரும்ப எடுக்க வேண்டும். நாள் முழுக்கத் தூக்குவதும் வைப்பதுமாகவே போகும். எஸ்.எஸ்.டி. என்பது அந்தச் சுவர், ராம் என்பது அந்தக் கல் மேசை என்று சொன்னேன். ஒரு வித்தியாசம், கணினியை அணைத்தால் மேசை மட்டும் துடைத்துவிட்டாற்போல் காலியாகிவிடும்.

அந்த அச்சகத்துக்கே பிறகு கணினி வந்தது. 8 எம்.பி. ராம், 420 எம்.பி. ஹார்டு டிஸ்க். ஏ.சி. இல்லாத கட்டடத்தில் அதற்காக மட்டும் கண்ணாடித் தடுப்பு போட்டு ஏ.சி. வைத்தார்கள், நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். டி.டி.பி. செய்த அக்கா பேஜ்மேக்கரில் ஒரு பெரிய புகைப்படத்தை வைத்தாரென்றால் திரை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நிரம்பும். ராம் போதாமல் போகும்போது கணினி தனக்கு வேண்டியதை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்து எடுக்கும், அந்தக் காலத்துத் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகும், நேனோவினாடிகளில் நடக்க வேண்டிய வேலை அப்படி லட்சம் மடங்கு தாமதமாகும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு விடாமல் மினுக்கும், உள்ளே கறகறவென்று சத்தம் வரும், அக்கா எழுந்துவிடுவார், "வா, டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பார். அந்த டீக்கடையில்தான் நான் முக்கால்வாசித் தமிழ் இலக்கணத்தைக் கற்றேன். ஒற்று மிகும் இடங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது புகைப்படமும் முழுசாகத் திரைக்கு வந்திருக்கும். இன்று அதே அளவுப் படம் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. நல்லதுதான். அந்த டீ மட்டும் கணக்கில் வராமல் போய்விட்டது.

ஃபிளாப்பியைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைத் தாண்ட முடியாது. 1.44 எம்.பி. அதற்கு மேல் ஒரு துளியும் ஏறாது. இதழ் முடிந்ததும் அச்சுக்கான பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்க ராயப்பேட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். கோப்பு பெரிதாக இருந்தால் ஏ.ஆர்.ஜே. என்ற நிரலைக் கொண்டு அதைச் சுருக்கி, துண்டு துண்டாக ஃபிளாப்பிகளில் பிரித்து ஏற்றி, மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவேன். அங்கே முதல் இரண்டும் படிக்கும், மூன்றாவதில் இயந்திரம் தயங்கும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். படித்துவிட்டால் முகம் தெரியாத ஆபரேட்டரும் நானும் சொந்தக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சின்னச் சதுரத்துக்குள் எவ்வளவு தமிழ் கொண்டது என்பதும் வியப்புதான். அப்போதைய தமிழ் எழுத்துருக்களில் 'கு' என்ற எழுத்து ஒரே ஒரு பைட். இன்று உலகம் முழுக்கப் பழகும் யூனிகோடில், யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால், ககரத்துக்கு 3, உகரக் குறிக்கு 3 என்று அதே 'கு' 6 பைட் பிடிக்கிறது. ஆனால் அன்று எந்த எழுத்துருவில் அடித்தோமோ அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும்தான் படிக்க முடியும். இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்து நிற்கும். எழுத்துருவையும் சேர்த்தே ஃபிளாப்பியில் கொடுத்தனுப்புவோம். இப்போது நான் எழுதுகிற தமிழை எந்த ஊரில், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அப்படியே தமிழாக நிற்கிறது. ஆறு மடங்கு இடம் எடுத்துக்கொண்டால் என்ன, நிறைய எடுத்துக்கொள்ளட்டும். பெருகிய இடத்தை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவழிக்க முடியாது என்று நான் உளமார நம்புகிறேன்.

வீட்டுக்கென்று கணினி வாங்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் ரிச்சி தெருவை அறிவார்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், கேசினோ தியேட்டர் பக்கத்தில், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் அந்தச் சந்துகள்தான் எங்களுக்குக் கணினி உலகம். கடை கடையாகக் கொட்டேஷன் வாங்குவோம். அச்சடித்த படிவத்தில் ப்ராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மானிட்டர் என்று வரிகள் இருக்கும், எதிரே பேனாவால் விலை போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாள்களை வீட்டில் விரித்து வைத்து இரவெல்லாம் கூட்டிக் கழிப்பதில் ஒரு சுகம் இருந்தது. ராமில் எட்டைக் குறைத்தால் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஜி.பி. ஏற்றலாமா, மானிட்டரைச் சின்னதாக்கினால் இரண்டையும் ஏற்றலாமா என்று ஒரு வீட்டையே கட்டுகிற நிதானத்தோடு கணக்குப் போடுவோம். ராமுக்கு எதிரே மட்டும் பென்சிலால் எழுதியிருக்கும். காரணம் கேட்டால், "தம்பி, அது இன்னிக்கு ரேட். நாளைக்கு வந்தா நாளைக்கு ரேட்" என்பார் கடைக்காரர்.

விலை ஏன் அப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு அந்தத் தெருவில் சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று ஜப்பான் தீ விபத்து. அது கதையல்ல. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிதோமோ கெமிக்கல் நிறுவனத்தின் ஆலையொன்று தீப்பிடித்தது. சிப்புகளைப் பொதிவதற்கு வேண்டிய எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கடலோர ஊரில் எரிந்த நெருப்புக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ராம் விலை ஏறியது. உலகம் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தப் பென்சில் எழுத்துதான்.

என் கணினியில் இருந்த 16 எம்.பி.யைக் கூட்டியது விண்டோஸ் 98 வந்த கையோடு. அதற்குக் குறைந்தபட்சத் தேவையே 16 எம்.பி. என்றிருந்தார்கள், குறைந்தபட்சம் என்பது நிற்பதற்குத்தான், நடப்பதற்கு அல்ல என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். பெண்டியம் பலகைகளில் அந்தப் பழைய சிம் வகை ராமை ஜோடியாகத்தான் போட வேண்டும். ஆகவே எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு வெள்ளி நிறப் பைக்குள் இருந்த அந்த இரண்டு பச்சைப் பட்டைகளைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியைத் திறந்து, சாய்வாகச் செருகி, விரலால் நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் இருக்கும் உலோகக் கொக்கிகள் டக்கென்று பற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கும், நினைவிருக்கிறதா? கணினி தன் ராமைத் தானே எண்ணிப் பார்க்கும். கிலோபைட் கணக்கில் ஓடி ஓடி வழக்கமாக 16384-இல் வந்து நின்றுவிடும். அன்று அங்கே நிற்காமல் தாண்டிப் போனது. 20000, 25000, 30000. கடைசியில் 32768. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "ரெண்டு மடங்காயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

ராம் சரியாக உட்காராவிட்டால் நீளமாக ஒரு பீப் வரும், திரை இருண்டே கிடக்கும். அதற்கு மருந்தும் எல்லோர் வீட்டிலும் இருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பர். ஸ்டிக்கைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் பாதி நோய் தீர்ந்துவிடும். சர்வீஸ் செய்ய வருபவரும் பையிலிருந்து அதே ரப்பரைத்தான் எடுப்பார். எங்கள் தெருவில் இதைக் கற்றுவைத்திருந்த பையன்களுக்குத் தனி மரியாதை உண்டு, அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

அதற்கு முந்திய டாஸ் காலத்தில் நண்பன் வீட்டில் விளையாடியவர்களுக்கு இன்னொரு கலையும் தெரிந்திருக்கும். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எல்லாம் சிரமமில்லாமல் ஓடிவிடும். கொஞ்சம் பெரிய விளையாட்டு என்றால் 640 கே.பி. என்ற வேலிக்குள் அது அடங்காது. கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து ஹைமெம் வரியைச் சேர்த்து, டாஸையே மேல் நினைவகத்துக்கு ஏற்றி, மவுஸ் டிரைவரை எடுத்துவிட்டு, நாலு கே.பி. அங்கே, ஆறு கே.பி. இங்கே என்று சேர்த்துச் சேர்த்து இடம் பண்ணுவோம். விளையாட்டு ஓடத் தொடங்கியதும் பாதி ஆர்வம் போய்விடும், ஏனென்றால் நிஜ விளையாட்டை ஏற்கெனவே ஜெயித்திருப்போம்.

ஹார்டு டிஸ்க்கின் கதை வேறு. 4.3 ஜி.பி. வாங்கியபோது வாழ்நாளுக்கும் இது போதும் என்று நாங்கள் எல்லோருமே பேசிக்கொண்டோம். அதை சி, டி, இ என்று பிரித்து, சி-யில் விண்டோஸ், டி-யில் வேலை, இ-யில் பாட்டு என்று வீட்டறைகள் போல் ஒதுக்கினோம். மாதம் ஒருமுறை டீஃப்ராக் ஓடவிட்டு, திரையில் அந்தச் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி ஒழுங்காவதை, டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு எம்.பி.3 வந்தது. ஒரு 700 எம்.பி. குறுவட்டில் நூற்றைம்பது பாட்டு. பர்மா பஜாரில் ஒரு நடிகரின் மொத்தப் பாட்டும் ஒரே வட்டில் கிடைத்தது. அடிக்க வேண்டிய பாட்டு என்று ஒன்று இல்லாமல் போனது அன்றைக்குத்தான். அந்த வட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது, அதில் முதல் இருபதுக்குப் பிறகு இருப்பதை நான் முழுதாகக் கேட்டதேயில்லை.

மின்னஞ்சலிலும் அப்படித்தான் ஆனது. ஹாட்மெயில் 2 எம்.பி. கொடுத்த காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, எந்தக் கடிதத்தை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று ஒவ்வொன்றாக மறுபடி படிப்போம். அழிப்பதற்காகப் படிக்கப் போய், அழிக்க மனமில்லாமல் தாளில் பிரதி எடுத்து வைத்த கடிதங்கள் எனக்கு உண்டு. 2004 ஏப்ரல் முதல் தேதியன்று கூகுள் 1 ஜி.பி. தருகிறேன் என்று அறிவித்ததும் ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். பிறகு அதன் முகப்புப் பக்கத்தில் கொள்ளளவு நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றைப் போட்டிருந்தார்கள், இனி எதையும் அழிக்கவே வேண்டாம் என்று. பல வருடம் நாங்கள் எதையும் அழிக்கவில்லை, எதையும் மறுபடி படிக்கவும் இல்லை. 2021 ஜூனில் கூகுளில் படங்களுக்கான இலவசக் கொள்ளளவு 15 ஜி.பி. வரம்புக்குள் வந்தபோது, காலை வணக்கப் படங்களாலும் கல்யாண வீடியோக்களாலும் நிரம்பியிருந்த கிடங்கைத் திறந்து பார்த்தோம். அந்தச் சாக்கில்தான் என் மனைவியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மகள் நடை பழகிய நாட்களை மறுபடி பார்த்தோம். இடம் தீர்ந்துபோனதற்கு நான் மனமார நன்றி சொல்ல வேண்டும்.

சரி, பதினாறுக்கு வருகிறேன். ஏன் அதை எடுக்கச் சொன்னேன் என்றால், அன்று நான் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த இரண்டு பட்டைகளை இன்று பல லேப்டாப்புகளில் பின்னால் சேர்க்க முடியாது. மெலிசாக இருக்க வேண்டும், பேட்டரி நீண்டநேரம் நிற்க வேண்டும் என்பதற்காக எல்.பி.டி.டி.ஆர். வகை ராமை ப்ராசஸரை ஒட்டியே பலகையில் பற்றவைத்துவிடுகிறார்கள். தூரம் குறையக் குறைய வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும், அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிற நாளில் என்ன எடுத்தோமோ அதுதான் கடைசி வரைக்கும். எஸ்.எஸ்.டி. அப்படியில்லை. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் எம்.2 ஸ்லாட்டில் செருகியிருப்பார்கள், கழற்றிப் பெரிதாக மாற்றலாம், சிலவற்றில் இரண்டாவதற்கும் இடம் இருக்கும், அதுவும் இல்லையென்றால் உள்ளங்கையளவு வெளி டிஸ்க் ஒன்றை யூ.எஸ்.பி.யில் மாட்டிக்கொள்ளலாம். சுவரைப் பிறகு நீட்டலாம், மேசையை நீட்ட முடியாது.

8 ஜி.பி. என்ற மேசையில் விண்டோஸ் கால்நீட்டி உட்கார்ந்ததும் பாதியளவு போய்விடுகிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கு வேண்டியதும் அதிலிருந்தே போகும். பிரவுசர் ஒவ்வொரு தாவலையும் தனித்தனி வேலையாகவே நடத்துகிறது, ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இருப்பதற்கு. நல்ல ஏற்பாடு, ஆனால் ஒவ்வொன்றும் ராம் கேட்கும். என் மகள் இருபது தாவல் திறந்துவைத்து, பக்கத்தில் கட்டட வரைபட மென்பொருளையும் ஓடவிட்டு, பாட்டும் கேட்பாள். ராம் நிரம்பினால் இன்றும் கணினி அச்சக வேலையைத்தான் செய்கிறது, எடுத்து அலமாரியில் வைப்பதும் திரும்ப எடுப்பதும். எஸ்.எஸ்.டி. வேகமானது என்பதால் கறகறச் சத்தம் இல்லை, டீ குடிக்கப் போகிற அளவுக்கு நேரமும் இல்லை, கை மட்டும் அரை நொடி அந்தரத்தில் நிற்கும். அந்த அரை நொடிகள் ஒரு நாளில் எத்தனை வரும்! 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு வகுத்த இலக்கணத்திலேயே ராம் குறைந்தது 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. போதும் என்றிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 8-லிருந்து 16 ஆக்கியது. செய்கிறவர்களே எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

இடத்தை முதலில் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டபோது, ராமுக்கு ஸ்லாட் காலியாக இருக்கும் கணினி என்றால் தாராளமாக 1 டி.பி. எடுங்கள், ராமைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: ராம் பற்றவைத்ததா, ஸ்லாட்டில் இருக்கிறதா? சேல்ஸ்மேன் தெரியாது என்றால் மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு வந்து தேடிப் பாருங்கள். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் உறவில் பல பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டின் முதல் கணினி. படிப்பு முடிந்த பிறகும் ஊர்க்கடையில் ஒரு ராம் ஸ்டிக் சேர்த்து அதைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்தார்கள். ஸ்லாட் இருந்ததால் வந்த ஆயுள் அது. பிரித்துச் செருகக்கூடிய எல்.பி.கேம்2 வகை ராம் இப்போது மெல்லத் தலைகாட்டுகிறது. அது பரவ வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். ஒரு பொருள் வாங்கிய பிறகும் வளரலாம் என்பது ஏழை வீடுகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

விலையும் திரும்பப் பென்சிலுக்குப் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பிரம்மாண்டத் தரவு மையங்கள் ராமை மொத்தமாக அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் விலை ஏறத் தொடங்கியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகத்துக்கு ராம் விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்திலிருந்து விலகப்போவதாகவே அறிவித்தது. ரிச்சி தெருவில் விசாரித்தேன். "சார், இன்னிக்கு ரேட் இது. நாளைக்குச் சொல்ல முடியாது" என்றான் ஒரு சின்னப் பையன். அவன் பிறப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுப் பழகிய வாக்கியம், தம்பி மட்டும் சார் ஆகியிருந்தது.

பதினாறையே வாங்கினோம். முதல் நாள் இரவே மகள் வந்து, "512-னு சொன்னாங்க, இதுல 476-தான் காட்டுது" என்றாள். தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குவதையும் விண்டோஸ் 1024-ஆல் வகுப்பதையும் தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறது என்றும் சொன்னேன். நிரம்பினால் அவளே மாட்ட வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்று, ஏதாவது உலோகத்தைத் தொட்டுக் கையில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கு, சாய்வாகச் செருகு, மெல்ல அமுக்கி ஒரே ஒரு ஸ்க்ரூவைப் போடு, அவ்வளவுதான்.

"அந்தக் குட்டி ஸ்க்ரூ தொலைஞ்சுட்டா?"

"ரிச்சி தெருவுல கிடைக்கும்மா. போற அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."